தெர்மோகோல் வீடுகள்: ஏழைகளின் மனைக்கு வருவது எப்போது?

புதுதில்லி: தெர்மோகோல் பலகையின் இருபுறமும் சிமென்ட் கலவையைப் பீய்ச்சிச் சுவர் எழுப்பும் கட்டுமான முறைக்கு மத்திய அரசின் அமைப்பு சான்றளித்துவிட்டது. ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நடந்த சோதனையும் சாதகமாகவே அமைந்தது. ஆயினும், அரசு மானியத்தில் வீடு கட்டும் ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த முறை எட்டாக்கனியாகவே உள்ளது. குறை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. மானியம் வகுக்கப்பட்டுள்ள விதத்திலும் இருக்கிறது.

இம்முறையில் தெர்மோகோல் பலகையின் இரு பக்கங்களிலும் பற்றவைத்த கம்பி வலை பொருத்தப்படுகிறது. பலகையை ஊடுருவிச் செல்லும் கம்பிகள் இரு வலைகளையும் பிணைக்கின்றன. அடித்தளத்தில் நிறுத்தப்படும் இப்பலகைகள் மீது காற்றழுத்த இயந்திரத்தால் கலவை பீய்ச்சப்படுகிறது. கலவை இறுகியதும் பலகையும் வலையும் பூச்சும் ஒரே சுவராகிவிடுகின்றன. செங்கல் சுவரைவிட இதன் எடை மிகக் குறைவு. நடுவில் உள்ள தெர்மோகோல், வெளி வெப்பத்தையும் தடுக்கிறது.

நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடைக்கேற்ப அதிகரிக்கும். 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தவை கனத்த கல் சுவர்களே. எனவேதான் 2021-இல் வெளியான ரூர்க்கி ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது. தேசிய நிலநடுக்கச் சோதனைக்கூடத்தில் முழு அளவுக் கட்டடமும் சுவர்களும் சோதிக்கப்பட்டன. இத்தகைய சுவர்களைக் கொண்ட நான்கு மாடிக் கட்டடம், அன்றைய வரைபடத்தில் மிகக் கடுமையானதாகக் குறிக்கப்பட்டிருந்த ஐந்தாம் மண்டல நிலநடுக்கத்தையும் கூடுதல் தாங்கு அமைப்பு இன்றித் தாங்கும் என ஆய்வாளர்கள் கணித்தனர்.

மத்திய அரசு இத்துறையில் அக்கறை காட்டாமல் இல்லை. 1990-இல் அமைக்கப்பட்ட கட்டுமானப் பொருள்கள், தொழில்நுட்ப மேம்பாட்டுக் கவுன்சில் இந்த முறைக்குச் செயல்திறன் சான்று வழங்கியுள்ளது. ஒடிஸா தலைநகர் புவனேசுவரத்தில் செயல்விளக்கக் குடியிருப்பும் கட்டப்பட்டது. 2019-இல் நடத்தப்பட்ட உலகளாவிய வீட்டுவசதித் தொழில்நுட்பப் போட்டியில் 54 தொழில்நுட்பங்கள் தெரிவாயின. அவற்றின் தொடர்ச்சியாக இந்தூர், ராஜ்கோட், சென்னை, ராஞ்சி, அகர்தலா, லக்னௌ ஆகிய ஆறு நகரங்களில் முன்னோடித் திட்டங்களுக்கு 2021 ஜனவரி 1-ஆம் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

ஆனால், அந்த ஆறில் ஒன்றுகூட பீய்ச்சும் முறையில் அமையவில்லை. இந்தூரில் பயன்பட்ட அடுக்குப் பலகைகள் இதற்கு உறவுமுறை எனலாம். எனினும் அவை ஆலையிலேயே முழுமையாகத் தயாராகி வருபவை. ஆறு திட்டங்களுக்கும் வீடு ஒன்றுக்கு மத்திய அரசு ரூ.5.5 லட்சம் அளித்தது. இதில் வழக்கமான மானியம் ரூ.1.5 லட்சம், எஞ்சிய ரூ.4 லட்சம் தொழில்நுட்பப் புதுமைக்கான கூடுதல் உதவி.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒரு கோடி குடும்பங்களுக்கு உதவுவது இலக்கு. இதில் தொழில்நுட்ப மானியம் உண்டு. ஆனால், அது அரசு அமைப்புகளோ தனியார் நிறுவனங்களோ கட்டும் கூட்டுக் குடியிருப்புகளுக்கே உரியது. சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்வோருக்கு அது கிடையாது. ஆனால், 2015-இல் தொடங்கிய முதல் கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படித் தாமே கட்டிக்கொள்வோருடையவை. முன்னுரிமை பெற வேண்டியவர்களே விடுபட்டுள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது.

தனி வீட்டுக்கு இந்த முறை வர மூன்று தடைகள் உள்ளன. ஒரே வீட்டுக்காக இயந்திரத்தையும் பலகைகளையும் தருவிப்பது கட்டுப்படியாகாது. அதை இயக்கத் தெரிந்த பணியாளர்கள் சிற்றூர்களில் அரிது. மூன்றாவது தடை நம்பிக்கை: தட்டிப் பார்த்துச் செங்கல்லை வாங்கிப் பழகிய குடும்பம், வாழ்நாள் சேமிப்பைத் தெர்மோகோலில் போடத் தயங்குவது இயல்பே.

அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. தெர்மோகோல் நூறு டிகிரி வெப்பத்தை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். எரிந்தால் கரும்புகை சூழும். அதற்கு அரண் மேலே உள்ள சிமென்ட் பூச்சு மட்டுமே. பூச்சு மெலிந்தால் கம்பி வலை துருப்பிடிக்கும். சுவரின் வலுவும் குறையும். வேலை முடிந்த பிறகு பூச்சின் கனத்தைக் கண்ணால் கண்டறிய இயலாது. மின்குழாய்களையும் பீய்ச்சுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். பின்னாளில் உளியால் கொத்தினால் வலை அறுபடும். ஆகவே ஒப்பந்ததாரரின் நாணயத்தையும் அதிகாரியின் கண்காணிப்பையும் நம்பியே இவ்வீடுகள் நிற்கும். அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு பல மாநிலங்களில் எந்த நிலையில் உள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒரே வார்டில் அனுமதி பெற்றவர்களை ஒரு குழுவாக்கி, ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்துக் கட்ட வழிசெய்தால் செலவு பகிரப்படும். கொத்தனார்களுக்குப் பயிற்சியளித்து, பூச்சின் கனத்தை அளந்த பின்னரே அடுத்த தவணை மானியம் என விதி வகுக்கலாம். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தொழில்நுட்ப மானியத்தைத் தனி வீடுகளுக்கும் நீட்டிக்கும் அரசாணை போதும். அது வராதவரை, சான்றிதழ்கள் தில்லியில் இருக்கும். இமயமலை அடிவாரத்து ஏழை, கனத்த சுவர்களுக்குள்ளேயே உறங்குவார்.