விலையோட டேட்டாவையும் பேசுங்கோ

முதல் புதுக் கார் வாங்கப் போறவைக்கு எங்கட வீடுகளில விலை பேசத்தான் சொல்லிக்குடுப்பினம். பேச வேண்டிய இன்னொண்டு இருக்கு: டேட்டா.

2023இல் மொஸில்லா 25 கார் பிராண்டுகளின் பிரைவசியைச் சோதித்தது, ஒன்றுகூடப் பாஸாகவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் அமெரிக்காவில் ஆக்கள் சடுதியாகப் பிரேக் அடிச்சது, இரவில் ஓடினது எல்லாத்தையும் டேட்டா தரகர்களுக்கு விற்றது 2024இல் வெளியே வந்தது. சிலருக்கு இன்சூரன்ஸ் கூடிச்சு.

நான் கார் எடுக்கேக்கை, அப்பா வாரண்டி விலையில மினக்கெட, சேல்ஸ்மன் "போனைத் தாங்கோ, ஆப்பைப் போட்டு 'அக்ரீ' அமத்தித் தாறன்" எண்டார். நல்ல மனுசன்தான். ஆனா குடுக்கேல்லை, நானே வாசிச்சன்.

ஒன்டாரியோவில டீலரிட்டை கையெழுத்து வைச்சால், மனம் மாறிட்டுது எண்டு காரைத் திருப்பிக் குடுக்க ஏலாது. அதால முதலே கேளுங்கோ: டேட்டா ஷேரிங்கை நிப்பாட்டினால் எந்தெந்த வசதி போகும்?