எது காத்திருக்க வேண்டும்?

மிக்-21 போர் விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டீகரில் விடைபெற்றன. 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய இந்திய விமானப் படையின் பலம் அத்துடன் 29-ஆகக் குறைந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை.

இத்தகைய 83 விமானங்களுக்கு, ஏறத்தாழ ரூ.48,000 கோடியில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 பிப்ரவரியில். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். ஆனால், அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடமிருந்து முதல் என்ஜின் வந்ததே 2025 மார்ச்சில்தான். ரேடார், ஏவுகணை ஒருங்கிணைப்புச் சோதனைகளும் நீண்டன.

என்ஜின் தாமதத்துக்குக் காரணம் நிதிப் பற்றாக்குறை அல்ல. முதலில் கேட்கப்பட்ட 65 எஃப்-404 என்ஜின்களை 2016-க்குள் கொடுத்து முடித்த ஜிஇ, அடுத்த ஆர்டர் இல்லாததால் அவற்றின் உற்பத்திப் பிரிவை மூடிவிட்டது. மேலும் 99 என்ஜின்களை நாம் கேட்டது 2021-இல். ஐந்தாண்டுகள் உறங்கிய உற்பத்தியை எழுப்பவே காலம் கரைந்தது.

தயாரிப்பு மேம்பாட்டுத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இது பழகிய காட்சி. நான் இருந்த நிறுவனத்தில் ஒரே நேரத்தில் ஏழு திட்டங்கள் நடக்கும். ஏழும் 'முதல் முன்னுரிமை'. சோதனைக்கூடமோ ஒன்றே; அதை இயக்கத் தெரிந்தவர்கள் மூவர். ஒன்றைப் பாதியில் இறக்கிவைத்து மற்றொன்றை ஏற்றுவார்கள், ஏழும் பிந்தும். இரண்டைத் துணிந்து நிறுத்திவைத்த பிறகே மற்றவை நகர்ந்தன. பணத்தைப் பங்கிடுவதையே திட்டமிடல் என்று எண்ணியிருந்தோம். எது அரிதோ அதைப் பங்கிடுவதே திட்டமிடல் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

தேஜஸ் திட்டத்தில் அந்தப் பாடம் ஓரளவு கற்கப்பட்டிருக்கிறது. மேலும் 97 மார்க்-1ஏ விமானங்களுக்கு 2025 செப்டம்பரில் ஒப்பந்தமிட்ட கையோடு, நவம்பரில் 113 என்ஜின்களுக்கும் ஒப்பந்தம் செய்யப்பட்டது பாராட்டுக்குரியது.

ஆயினும், கவலை தீரவில்லை. தேஜஸ் மார்க்-2, 2024 மார்ச்சில் ரூ.15,000 கோடி ஒப்புதல் பெற்ற 'ஆம்கா' ஆகிய இரண்டையும் வடிவமைப்பது பெங்களூரிலுள்ள வானூர்தி மேம்பாட்டு முகமையே. இரண்டும் தொடக்கத்தில் நம்பியிருப்பதும் எஃப்-414 என்ற ஒரே வகை என்ஜினை. அதே வல்லுநர்கள், அதே சோதனை வசதிகள், அதே என்ஜின் என்றால், ஒன்றின் தாமதம் மற்றொன்றைத் தொற்றாமல் இருக்குமா?

எல்லைச் சூழலில் எதையும் தள்ளிவைக்க இயலாது என்பார்கள். எல்லாவற்றையும் முதலில் என்று வைத்தால், எது பிந்தும் என்பதை நாம் தீர்மானிக்க மாட்டோம், தட்டுப்பாடு தீர்மானித்துவிடும். எனவே, ஒவ்வொரு திட்டத்துக்கும் நிதி ஒதுக்கும்போதே, வல்லுநர், சோதனை நேரம், என்ஜின் ஆகியவற்றின் கணக்கையும், நெருக்கடி வந்தால் எது காத்திருக்கும் என்பதையும் அரசு எழுதிவைக்க வேண்டும். படைப்பிரிவுகள் 29-ஆகக் குறைந்திருக்கும் நாடு, அந்த முடிவைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது.