பறக்கும் நேரம் மட்டும் கணக்கல்ல!

சென்னையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மா, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஒருநாள் மதியம் போன் வந்தது. 'பிளைட்டுல வந்துடுக்கா... மதுரையில ஏறினா ஒன்றேகால் மணி நேரம் தான்' என்றான், தம்பி. பதறிப் போய், வளையலை அடகு வைத்து டிக்கெட் போட்டோம்.

சுந்தரபாண்டியத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்கு, காரில் இரண்டு மணி நேரம். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கு இருக்கச் சொன்னார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை வாங்கி, நெரிசலில் வடசென்னை போய்ச் சேர்ந்தபோது, இரவு 10:30 மணி. 'இனி காலையில தாம்மா பார்க்க முடியும்' என்று சொல்லி விட்டனர். ராத்திரி முழுக்க வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன்.

காலை 8:00 மணிக்கு உள்ளே விட்டபோது, என் பக்கத்தில் அக்காவும் நின்றிருந்தாள். அதே இரவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி வந்தவள்!

அம்மா இப்போது நலம். வளையல் தான் இன்னும் பாங்கில் இருக்கிறது.

விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதுரையிலேயே இருப்பவர்களுக்கு, 460 கி.மீ., சாலைப் பயணம் மிச்சம் தான். ஆனால், நம்மைப் போல் சின்ன ஊர்க்காரர்கள், நம் வீட்டு வாசலில் இருந்து, போய்ச் சேரும் வாசல் வரை கணக்குப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை மணி வரை பார்க்க விடுவர் என்றும் கேட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள், தோழியரே!

- ஒரு வாசகி, சுந்தரபாண்டியம்.