வெளிநாடு போகும் சான்றிதழும் நம்ம ஊர் இனிஷியலும்

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ கிளம்புகிறவர்கள் விசாவைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். சான்றிதழ்கள் ஞாபகத்துக்கு வருவது கடைசி இரண்டு வாரத்தில்தான். அங்கேதான் வினையே!

இந்தியச் சான்றிதழை இன்னொரு நாட்டு அலுவலகம் அப்படியே நம்பிவிடாது. 'இந்தக் கையெழுத்து உண்மைதான்' என்று இந்திய அரசு சொல்ல வேண்டும். இதை எளிதாக்க 1961-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அதன்படி தரப்படும் சான்றுக்குப் பெயர் அபோஸ்டில். இந்தியாவில் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பட்டச் சான்றிதழ் என்றால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில். ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரை வேண்டும். கனடாவில் இந்த ஒப்பந்தம் 2024 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. ஆகவே சீனியர் சொன்ன வழி இன்றைக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. அபோஸ்டில் அசல் சான்றிதழின் பின்பக்கம் ஒட்டப்படுவதால், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்தவர்களுக்கும் சிக்கல்தான்.

இத்தனைக்கும் அபோஸ்டில் உறுதி செய்வது கையெழுத்தையும் முத்திரையையும் மட்டுமே. உள்ளே இருக்கும் விவரம் சரியா என்று அது பார்ப்பதில்லை!

மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்'. பிறப்புச் சான்றிதழில் 'கார்த்திகேயன்'. நம்ம ஊரில் மூவரும் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். மூன்று தாளிலும் அபோஸ்டில் ஒட்டினாலும் மூன்று பேர்தான்! ஏஜென்ட் முத்திரை வாங்கித் தருவார், பெயரை ஒன்றாக்கித் தர அவரால் ஆகாது. அதற்குள் கிடைத்த இடமோ வேலையோ கைநழுவிப் போகலாம்.

இனிஷியலை விடுவதா என்று சிலர் கோபப்படலாம். சாதிப் பெயரை உதறிவிட்டு இனிஷியலோடு நிற்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வழக்கம். அதை யாரும் விட வேண்டாம். ஆவணங்களில் மட்டும் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து, எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துகளில் எழுதினால் போதும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே பள்ளிகள் இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட் எடுக்க வசதியோ விவரமோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

கல்லூரியில் இருப்பவர்கள் இந்த மூன்று தாள்களையும் இன்றைக்கே அருகருகே வைத்துப் பாருங்கள். திருத்தம் செய்ய விசா தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.