அணையை நிறுத்திய மீன்! - தூண்டிலோடு ஒரு தீர்த்தன் பயணம்

டெல்லியிலிருந்து மணாலிக்குக் கிளம்பும் இரவு பஸ், விடிகிற நேரத்தில் ஔட் சுரங்கப்பாதைக்கு வந்து சேரும். ஏறக்குறைய 3 கி.மீ நீளமுள்ள சுரங்கம் அது. பஸ்ஸில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அரைத்தூக்கத்திலேயே அதைக் கடந்து மணாலிக்குப் போய்விடுவார்கள். நாலைந்து பேர் மட்டும் சுரங்கத்தின் வாசலுக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் போகிற இடம்தான் தீர்த்தன் பள்ளத்தாக்கு.

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. மணாலியின் மால் ரோடு கூட்டமோ, பனிச்சறுக்கு ஆட்டமோ இங்கே கிடையாது. ஒரு நதி, இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், ஆப்பிள் தோட்டங்கள், மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய வீடுகள்... அவ்வளவுதான். ஆனால், அந்த நதிக்குள் ஒரு மீன் இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் தூண்டிலோடு வருகிறார்கள். இந்த நதியை அணைகளிலிருந்து காப்பாற்றியதிலும் அந்த மீனுக்குப் பங்கு உண்டு!

வெள்ளைக்காரர் கொண்டுவந்த விருந்தாளி

அந்த மீனின் பெயர் ட்ரவுட். இமயமலையில் பிறந்த மீன் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்கள் ஆட்சி செய்த இடங்களுக்கெல்லாம் கிரிக்கெட்டைக் கொண்டுபோனதுபோல, குளிர்ந்த ஆறு கண்ட இடத்திலெல்லாம் ட்ரவுட்டையும் விட்டார்கள். ஊரில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுப் பழகிய கைகளுக்கு, இந்தியாவிலும் அதே மீன் வேண்டியிருந்தது.

முதலில் காஷ்மீர். பிரிட்டனிலிருந்து முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். முதல் தவணை வழியிலேயே வீணாகிப் போனது. 1900-ல் வந்து சேர்ந்த முட்டைகள் பிழைத்துக்கொண்டன. அங்கிருந்து 1909-ல் குலுவுக்கு வந்தது ட்ரவுட். அப்போது குலுவில் அதிகாரியாக இருந்த ஹோவெல் என்பவர், கட்ராயின் அருகே மஹிலியில் ஒரு மீன் பொரிப்பகம் அமைத்தார். அங்கே பொரித்த குஞ்சுகள்தான் பியாஸ் நதியிலும் அதன் கிளை நதிகளிலும் பரவின.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. ஊட்டிக்குப் போகிறவர்களில் அவலாஞ்சி வரை போனவர்கள், அங்கே இருக்கும் ட்ரவுட் பொரிப்பகத்தைப் பார்த்திருப்பார்கள். அதுவும் ஆங்கிலேயர் காலத்து ஆசையின் மிச்சம்தான்.

தீர்த்தனில் இரண்டு வகை ட்ரவுட்டைப் பார்க்கலாம். உடம்பில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் இருந்தால் பிரவுன் ட்ரவுட். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடினால் ரெயின்போ ட்ரவுட். ஆற்றில் தானாக இனம் பெருக்கி வாழ்வது பெரும்பாலும் பிரவுன்தான். ரெயின்போ அதிகம் இருப்பது பண்ணைகளில். 1980-களின் இறுதியில் நார்வே நாட்டின் உதவியோடு பட்லிகுல் என்ற இடத்தில் தொடங்கிய முயற்சிக்குப் பிறகுதான் இந்தப் பண்ணைத் தொழில் வளர்ந்தது. இன்று மலைக் கிராமங்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிமென்ட் தொட்டி கட்டி, ஓடை நீரைத் திருப்பிவிட்டு ட்ரவுட் வளர்க்கிறார்கள்.

பொறுமையைச் சோதிக்கும் மீன்

ட்ரவுட்டுக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் திணறத் தொடங்கிவிடும். குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் தீர்த்தன் அதற்குச் சொர்க்கம். கலங்கல் கூடாது, கழிவு கூடாது. ஓர் ஆற்றில் ட்ரவுட் நன்றாக இருக்கிறதென்றால், அந்த ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கெண்டைக்கும் கெளுத்திக்கும் புழுவைக் கோத்து, தக்கை மூழ்குகிறதா என்று உட்கார்ந்து பார்க்கும் வேலை இங்கே எடுபடாது. ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, பாறையின் மறைவில் ஒதுங்கி நிற்கும். மேலிருந்து அடித்துவரும் பூச்சிகள் அதன் வாய்க்கே வந்து சேரும். அதனால், தூண்டில்காரர் கீழிருந்து மேல்நோக்கி, மீனின் முதுகுப் பக்கமாகத்தான் நகர வேண்டும். ஆள் நிழல் தண்ணீரில் விழுந்தாலே போதும், மீன் மறைந்துவிடும்.

இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டில் முள்ளில் கட்டி, சாட்டையைச் சுழற்றுவதுபோல வீசுவார்கள். நிஜப் பூச்சி வந்து அமர்வதுபோல அது நீரில் விழ வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு மின்னும் உலோகத் தகடு வைத்த ஸ்பின்னர்தான் எளிது. பள்ளத்தாக்கில் இருக்கும் விடுதிகள் பலவற்றில் தூண்டிலும் கிடைக்கும், கற்றுக்கொடுக்க உள்ளூர் ஆளும் கிடைப்பார்.

முதல் நாளே மீன் மாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலை முழுவதும் வீசி, இரண்டு பொய்ப்பூச்சிகளைப் பாறையிடுக்கில் பறிகொடுத்து, நரம்பைச் சிக்கெடுத்ததுதான் மிச்சம் என்று திரும்பும் அப்பாக்கள் நிறைய பேர். ஆனால், செல்போனைப் பார்க்காமல் நாலு மணி நேரம் பிள்ளையோடு ஆற்றங்கரையில் நின்றோம் என்ற கணக்கில் அதுவும் லாபம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை மீன், இந்த அளவுக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது என்ற விதிகள் உரிமத்தோடே வரும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு மூடிவைக்கும். அந்த நேரத்தில் ஆற்றுக்குள் இறங்கி நடந்தாலே முட்டைகள் நசுங்கிப்போகும்.

பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்படி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்ட பிறகு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய், நோய் தொற்றிக்கொள்ளும். செவுளில் விரல் விடக் கூடாது. செல்ஃபிக்காக நிமிடக்கணக்கில் தண்ணீருக்கு வெளியே பிடித்திருக்கவும் கூடாது.

மின்சாரமா, மீனா?

இந்தத் தெளிந்த ஆறு சும்மா கிடைத்துவிடவில்லை. இமாச்சலத்தின் பெரும்பாலான நதிகளில் நீர்மின் திட்டங்கள் வந்துவிட்டன. தீர்த்தன், லார்ஜி என்ற இடத்தில் பியாஸில் கலக்கிறது. அந்த இடத்திலேயே 126 மெகாவாட் லார்ஜி அணை நிற்கிறது. அடுத்த பள்ளத்தாக்கான சைஞ்சிலும் மின் திட்டங்கள் உண்டு.

தீர்த்தனிலும் பல சிறு மின் திட்டங்களுக்கு ஏற்பாடு நடந்தது. 'சிறு திட்டம்தானே' என்று தோன்றும். ஆனால், ஆற்று நீரை ஓரிடத்தில் மறித்து, குழாய் வழியாகக் கொண்டுபோய், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மின் நிலையத்தில்தான் திரும்ப ஆற்றில் விடுவார்கள். இடைப்பட்ட தூரத்தில் ஆறு வெறும் கல்லாகக் கிடக்கும். அப்படி அடுத்தடுத்துப் பல திட்டங்கள் வந்தால், நதி என்று சொல்ல என்ன மிஞ்சும்?

ஊர் மக்கள் எதிர்த்தார்கள். முன்னாள் எம்.எல்.ஏ திலே ராம் ஷபாப் முன்னின்றார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வயலுக்குத் தண்ணீர், மாவரைக்கும் நீர் ஆலை, கோயில் தீர்த்தம் என்று காரணங்கள் பல இருந்தாலும், அவர்கள் கையில் இருந்த வலுவான துருப்புச் சீட்டு ட்ரவுட்தான். தீர்த்தன், ஏற்கெனவே தூண்டில் மீன்பிடிப்புக்காக ஒதுக்கப்பட்ட நதி. அணை வந்தால் மீன் போய்விடும், மீன் போனால் சுற்றுலா போய்விடும். கடைசியில், தீர்த்தனில் மின் திட்டங்கள் வேண்டாம் என்று அரசே முடிவெடுத்தது.

இந்தக் கதையில் சின்னதாக ஒரு முள்ளும் இருக்கிறது. பிரவுன் ட்ரவுட், உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்ற மீன். சின்ன மீன்களைத் தின்று வளரும். இமயத்தின் சொந்த மீனுக்கு 'ஸ்னோ ட்ரவுட்' என்று பெயர். பெயரில்தான் ட்ரவுட், உண்மையில் அது கெண்டை இனம். குளிர்ந்த நீரில் இரண்டுக்கும் போட்டி. வெளியிலிருந்து வந்த விருந்தாளி, வீட்டுக்காரரை மூலைக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அதே விருந்தாளிதான் வீடு இடியாமலும் காப்பாற்றியிருக்கிறது. அதனால், தூண்டிலில் உள்ளூர் மீன் மாட்டினால், அதை உடனே ஆற்றில் விட்டுவிடுங்கள்.

தூண்டிலைச் சுருட்டிவைத்த பிறகு...

கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் வாசல் இந்தப் பள்ளத்தாக்குதான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. பனிச்சிறுத்தை, பழுப்புக் கரடி வாழும் காடு. உள்ளூர்க்காரர்கள் 'ஜுஜுரானா' - பறவைகளின் அரசன் - என்று அழைக்கும் வெஸ்டர்ன் ட்ராகோபான் இங்கேதான் இருக்கிறது. அதுவே இமாச்சலத்தின் மாநிலப் பறவை. சாய் ரோபாவில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று, குஷைனியிலிருந்து ஆற்றோரமாக நடக்கலாம். பூங்கா வாசல் வரை நடப்பது குழந்தைகளுக்கும் சிரமமில்லை.

பஞ்சார் அருகே சைனி கோட்டி என்ற கோபுரம் இருக்கிறது. ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு மரம் என்று அடுக்கியே எழுப்பியது. சிமென்ட் கிடையாது. 1905 காங்க்ரா நிலநடுக்கத்தில் மேல் தளங்கள் சரிந்த பிறகும் நிமிர்ந்து நிற்கிறது. கீழே பாகி கிராமத்தில் சிருங்க ரிஷி கோயில். யார் அந்த ரிஷி? தசரதருக்குப் புத்திரகாமேஷ்டி யாகம் நடத்திவைத்த ரிஷ்யசிருங்கரேதான். இந்த வட்டாரத்துக்கே அவர்தான் குலதெய்வம் மாதிரி.

அங்கிருந்து ஜலோரி கணவாய்க்கு வண்டியில் போகலாம். 3,000 மீட்டருக்கு மேல் உயரம். ஏற்றம் செங்குத்தாக இருக்கும், அதனால் மலைப்பாதையில் பழகிய டிரைவர் அவசியம். கணவாயிலிருந்து சுமார் 5 கி.மீ ஓக் மரக் காட்டில் நடந்தால் செரோல்சர் ஏரி. கரையில் புத்தி நாகின் அம்மன் கோயில். பால் கறக்கும் வீட்டுக்காரர்கள் இங்கே வந்து நெய் படைப்பார்கள். ஏரியில் இலை விழுந்தால் ஒரு பறவை வந்து எடுத்துப் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பறவை பிளாஸ்டிக் கவரையும் எடுக்க வேண்டிய நிலைமையை நாம் உண்டாக்காமல் இருந்தால் சரி!

சாப்பாட்டுக்கு 'சிட்டு' கேட்டு வாங்குங்கள். கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே வால்நட் அல்லது கசகசா பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். மேலே தாராளமாக நெய். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ட்ரவுட்டை உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, கடுகெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். பண்ணை மீன் எடைக்கணக்கில் வரும். சமைக்கச் சொல்வதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரோடு விளையாட்டு வேண்டாம்

2014 ஜூன் 8. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள், லார்ஜி அணைக்குக் கீழே பியாஸ் நதியின் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் திடீரென்று வந்தது. 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். தீர்த்தனுக்குப் போகிறவர்களில் பலர் அந்த வழியாகத்தான் போவார்கள்.

தீர்த்தனில் அணை இல்லை என்றாலும், மலை உச்சியில் பெய்யும் மழை நமக்குத் தெரியாது. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் ஏறி செல்ஃபி எடுப்பது வேண்டவே வேண்டாம். குழந்தைகளைக் கண்பார்வையில் அல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் குறிப்புகள்

எப்படிப் போவது: சென்னையிலிருந்து டெல்லி அல்லது சண்டிகருக்கு ரயில் அல்லது விமானம். அங்கிருந்து மணாலி பஸ்ஸில் ஏறி, ஔட் சுரங்கத்துக்கு முன்பாக இறக்கிவிடச் சொல்லி நடத்துநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிறகு பஞ்சார் பஸ்ஸோ, டாக்ஸியோ கிடைக்கும். பக்கத்து விமான நிலையம் புந்தர்.

எப்போது போகலாம்: மார்ச் முதல் ஜூன் வரை. அடுத்து செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்ட்டில் நிலச்சரிவும் வெள்ளமும் வரும். ஆறு கலங்கிவிடுவதால் மீனும் மாட்டாது. குளிர்காலத்தில் ஜலோரி கணவாயைப் பனி மூடிவிடும்.

எத்தனை நாள்: பள்ளத்தாக்கில் மட்டும் நான்கு நாள்கள் வையுங்கள். ஒரு நாள் தூண்டில், ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் ஜலோரி, செரோல்சர். நான்காவது நாள் எங்கேயும் போகாமல், ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருக்க!

எடுத்துப்போக: கோடையிலும் ஒரு ஸ்வெட்டர், வழுக்காத ஷூ, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், கையில் ரொக்கம். திரும்பும்போது குப்பையைக் கொண்டுவர ஒரு பை.