ஓய்வு வேளை: கவர்னரின் கையொப்பம்

சென்ற திங்கள் தபால்தலை சேர்ப்போரைப் பற்றி எழுதினோம். அதனினும் அரியதொரு சேகரிப்பை இத்திங்கள் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். அமெரிக்க மாநிலங்களின் முதற்காலக் கவர்னர்கள் கையொப்பமிட்ட பத்திரங்களைத் தேடித் திரட்டுவதே அது.

1776-இல் விடுதலையை அறிவித்த 13 குடியேற்ற நாடுகளும் மாநிலங்களாகி, தத்தமக்கென ஆட்சித் தலைவரை அமைத்துக்கொண்டன. வர்ஜீனியாவின் முதற் கவர்னர் பாட்ரிக் ஹென்றி; 1779-இல் அவரைத் தொடர்ந்தவர் தாமஸ் ஜெபர்ஸன். மாஸசூஸெட்ஸில் 1780-இல் பதவியேற்ற ஜான் ஹான்காக், விடுதலைப் பிரகடனத்தில் யாவரினும் பெரிதாகக் கையொப்பமிட்டவர். நியூயார்க்கில் ஜார்ஜ் கிளின்டன் 1777 முதல் 1795 வரை இடையறாது ஆண்டார். ஜார்ஜியாவிலோ, பட்டன் குவின்னட் இரண்டு திங்கள் அளவே தலைமை வகித்து, 1777 மே மாதம் துப்பாக்கிப் போட்டியில் காயமுற்று மாண்டார். ஆகவே கிளின்டனின் ஒப்பம் தேடுவோர்க்குக் கிடைக்கும். குவின்னட்டின் ஒப்பமோ உலகெங்கும் ஐம்பதைச் சற்றே கடந்த அளவில்தான் உண்டு.

இப்பத்திரங்கள் யாவை? நிலப் பட்டயங்கள், படை அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் தந்த நியமன உத்தரவுகள் முதலியன. பல, அச்சிட்ட படிவங்கள். பெயரையும் தேதியையும் எழுத்தர் மையால் நிரப்புவார். முத்திரையும் பதிப்பர்; கவர்னர் ஒப்பமிடுவார். படிவம் நிரப்பியே முப்பது வயதைக் கடந்த நமக்கு, கவர்னரின் ஒப்பத்தைக் காட்டிலும் அந்தப் பெயரறியா எழுத்தரின் கையெழுத்தே முதலிற் கண்ணிற் படுகிறது!

ஈண்டு சேகரிப்போர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. குடிமகனுக்குக் கொடுத்த பட்டயம் அவன் உடைமை. அவன் வழியினர் அதை விற்கலாம். அரசாங்க அலுவலகத்துக்கு வந்த கடிதமும், அங்கே காத்துவைத்த பதிவேடும் அத்தகையன அல்ல; அவை பொதுமக்களின் சொத்து.

1789-இல் வாஷிங்டன், குடிமக்களின் உரிமைகளைக் கூறும் அரசியலமைப்புத் திருத்தங்களின் பிரதியை ஒவ்வொரு மாநிலக் கவர்னருக்கும் அனுப்பினார். வட கரோலினாவின் பிரதியை 1865-இல், உள்நாட்டுப் போரின் முடிவில், ராலே நகரத்துத் தலைமைச் செயலகக் கட்டிடத்திலிருந்து வடநாட்டுச் சிப்பாய் ஒருவன் கவர்ந்து சென்றான். பின்னர் 5 டாலருக்கு விற்றான். தலைமுறை பல கடந்து, 2003-இல் அதை விற்க முயன்றபோது, வாங்குவோர்போல் நடித்த அதிகாரிகள் பிலடெல்பியா நகரில் கைப்பற்றினர். வழக்குகளின் முடிவில் அது மாநிலத்துக்கே உரியதாயிற்று. 138 ஆண்டுகள் கழிந்தும் களவு உரிமையாகிவிடவில்லை.

நாமும் காகிதக் கட்டுகளுக்கிடையே உழல்பவரே. ஒருநாள் பழைய பதிவேடு ஒன்றில், பெரும் பதவி வகித்த ஒருவரின் கையொப்பத்தைக் கண்டோம். அருகில் எவரும் இல்லை. ஒரே தாள், மடித்தாற் சட்டைப்பையில் அடங்கும். ஒரு நொடி மனம் சபலப்பட்டதை மறைப்பானேன்? பிறகு நூலை இறுகக் கட்டி, கட்டை அடுக்கிலேயே வைத்தோம்.

அன்பர்களே, சேகரியுங்கள்; அது அறிவு வளர்க்கும் பொழுதுபோக்கு. ஆனால் பத்திரத்தில் ஒப்பமிட்டவர் யார் என்று கேட்குமுன், அது எவர் கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.