சொட்டுவது ஓரிடம், நுழைவது வேறிடம்

ஐப்பசி பிறந்தால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. வீட்டுக்குள் குழித்தறியின் குழியில் நீர் ஊறும். 2015-ஆம் வருஷத்துப் பெருமழையை இங்கே யாரும் மறக்கவில்லை. போதாததற்குக் கூரையும் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று புடவைக்கான பட்டுப் பாவு தறியில் ஏறியிருக்கும்போது, காரையழுக்கோடு ஒரு சொட்டு விழட்டும், பல நாள் உழைப்பு பாழ்!

எதிர்வீட்டு மருமகள் போன அடைமழையில் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, தறிக்கு நேர் மேலே சொட்டுது. அந்த இடத்துக்கு மேலே மாடியில் இரண்டு தடவை சிமெண்டு பூசியாச்சு. காசுதான் போச்சு!"

போகாமல் என்ன செய்யும்? பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு அது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம். ஒரு மூலையில் நுழைந்த நீர் ஜல்லிக்குள் ஊர்ந்து, கட்டையோரமாகவே நடந்து, தனக்கு இஷ்டமான இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசுவது, தலைவலிக்குத் தலையணைக்கு மருந்து போடுவது மாதிரிதான்!

அன்றைக்கு அவசரத்துக்கு ஓர் உபாயம் செய்தோம். சொட்டும் இடத்தில் ஒரு சிறு ஆணி அடித்து, அதில் முறுக்கு நூலைக் கட்டி, மறுமுனையைத் தறிக்கு அப்பால் இருந்த வாளியில் சரிவாக விட்டோம். நீர் நூலைப் பிடித்துக்கொண்டு சாதுவாக வாளிக்குப் போயிற்று. நூலுக்கா பஞ்சம், தறிக்கார வீட்டில்!

தை மாதம் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கரண்டியைத் தொடவேயில்லை. களிமண்ணால் சிறு சிறு பாத்தி கட்டினார். தளத்தின் பள்ளமான பக்கத்தில், தூம்பு அருகே முதல் பாத்தி. அதில் நீர் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருப்பு. கீழே மருமகள் டார்ச் விளக்கோடு அண்ணாந்து பார்த்தபடி. சொட்டவில்லையென்றால் சற்று மேடான அடுத்த பாத்தி. மேட்டிலிருந்து ஏன் தொடங்கக்கூடாது தெரியுமா? அங்கே ஊற்றிய நீர் பாத்தியில் கசிந்து வழிந்தால் தளம் முழுவதும் நனைந்துவிடும். அப்புறம் எந்த இடம் குற்றவாளி என்று யார் சொல்வது?

அன்று மாலை வரை ஒன்றும் அகப்படவில்லை. "பெரியவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கு" என்று மாமியார் முணுமுணுத்தாள். மறுநாள் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்தியில் நீர் நின்று முக்கால் மணியாயிற்று. "சொட்டுது, சொட்டுது!" என்று கீழிருந்து கூவல். சொட்டிய இடத்திலிருந்து அது ஆறடி தள்ளி!

அங்கே ஓர் அரசங்கன்று வருஷா வருஷம் தளிர்ப்பதும், இவர்கள் கிள்ளிப் போடுவதுமாக இருந்திருக்கிறது. கிள்ளக் கிள்ள வேர் உள்ளே தடித்துக்கொண்டே போயிற்று. சுவரடியில் நாலு செங்கல்லைப் பெயர்த்து வேரை முழுசாக எடுத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் செங்கல் பொடி கலந்து கட்டினார். சுவரும் தளமும் சேரும் மூலையில் நீர் தங்காதபடி சரிவாகப் பூசினார். ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் காயாமல் பார்த்துக்கொண்டது மாமியார்தான். சிமெண்டு வேண்டாம் என்றார் பெரியவர். பழைய சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கு நீண்டு சுருங்கும். மேலே விறைப்பாக நிற்கும் சிமெண்டு வெடிப்பு விட்டு, உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாது.

இந்த ஐப்பசியில் மருமகள் மறுபடி வந்து நின்றாள்.

"தறி நனையலை அக்கா. ஆனா தாழ்வாரத்து ஓடு ஒழுகுது!"

அது குரங்குகளின் கைவரிசை. கோயில் ஊரில் இருந்துகொண்டு வேறென்ன செய்ய? நகர்ந்த ஓடுகளைச் சரித்து, உடைந்த இரண்டை மாற்றச் சொல்லி அனுப்பினேன்.